காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

காவேரி டீச்சரின் வெள்ளிநிறக் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் டெனிசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். எட்டு நாளைக்கு முன்னால்தான் அந்த வண்டியைச் சரிசெய்து அனுப்பியிருந்தான்.

சேரப்பணஞ்சேரியில், படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்டு அவன் பட்டறை வைத்திருந்தான். அதற்கு முன்பு பதினோரு வருடம் இருங்காட்டுக்கோட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இடம். இப்போது முப்பத்தெட்டு வயது. மனைவி ஷாலின் ஒரகடத்தில், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தாள். அந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒரு மணிக்குமேல்தான் கம்பெனி பஸ். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தாள்.

காவேரி காரிலிருந்து இறங்கினாள். வல்லக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் அவள் கணவர் சண்முகசுந்தரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் தண்டலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருக்கு முடியாமல் போன பிறகுதான், நாற்பத்தாறு வயதில், காவேரி கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், மறுபடியும் எரியுதா?"

"நேத்து ஆஸ்பத்திரில இருந்து கெளம்பும்போதே எரிய ஆரம்பிச்சுதுப்பா. மீட்டர்ல அதே இஞ்சின் மஞ்ச லைட்டு. பெட்ரோலும் கண்டபடி குடிக்குது. வண்டிக்குள்ள வேற ஒரே வாசனை, அவருக்குக் கொமட்டிக்கினு வருது."

டெனிசன் வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை எடுத்து வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான்.

எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கு ஒவ்வொரு காரிலும் ஒரு சென்சார் உண்டு. அது சொல்வதை நம்பித்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் நன்றாக இருந்தால் ஸ்கேனர் திரையில் அதன் கோடு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். போன வாரம் அந்தக் கோடு அடியோடு படுத்துக் கிடந்தது. 'ஆக்சிஜன் ஜாஸ்தி, பெட்ரோல் போதவில்லை' என்றே அது சொல்லிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. சென்சார் செத்துவிட்டது என்று டெனிசன் முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினான். ஒரகடம் வரை ஓட்டிப் போய்த் திரும்பியபோது கோடு அழகாக ஏறி இறங்கியது. அந்தத் திருப்தியில்தான் வண்டியைக் கொடுத்தனுப்பினான்.

இப்போது புதுச் சென்சாரின் கோடும் அதே மாதிரி படுத்துக் கிடந்தது.

"புதுசே மக்கர் பண்ணுது டீச்சர். சில நேரம் மால் சரியில்லாம வந்துடும்" என்றான். சொல்லும்போதே அது அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

காருக்குள்ளிருந்து சண்முகசுந்தரம் ஏதோ சொன்னார். டெனிசன் திரும்பவில்லை. காவேரிதான் திரும்பிப் பார்த்து, "ஆமாம்பா, இவரு ஒரு வாரமா சொல்லிக்கினே கீறாரு" என்றாள். "காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதாம். கொஞ்ச தூரம் போனா நின்னுடுதாம். எனக்கும் மொதல்ல தெரியல. அவரு சொன்னப்புறம்தான் காதுல வுழுந்துச்சு."

"எனக்கு வேற இன்னாம்மா வேல?" என்று சண்முகசுந்தரம் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "வாரத்துல மூணு நாளு மெஷின் பக்கத்துல படுத்துக்கினு சத்தம் கேக்குற ஆளு நானு."

டெனிசன் பானெட்டைத் தூக்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, தலையைச் சாய்த்து, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான்.

"இல்ல டீச்சர். இஞ்சின் சுத்தமா கீது. ஒரு சத்தமும் இல்ல."

"இன்னைக்கு இப்பக்கூட நிக்கலயேப்பா, லேசா கேக்குது" என்றாள் காவேரி.

டீச்சருக்கு டீ எடுத்துக்கொண்டு ஷாலின் அப்போதுதான் வெளியே வந்தாள். நான்கடி தள்ளி நின்ற அவளுக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. எவர்சில்வர் தட்டில் நகத்தால் தட்டுகிற மாதிரி, டிக், டிக், டிக். எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற டெனிசன், "சத்தியமா இல்ல டீச்சர்" என்றான்.

செய்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறான் என்றுதான் ஷாலினுக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவன் பொய் சொல்லும்போது எப்படியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். காது மடல் சிவந்துவிடும், பார்வை தரைக்குப் போய்விடும். இப்போது அவன் பார்வை காவேரியின் வாயிலேயே நின்றது. அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஷாலின் டீ கிளாஸை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"டீச்சர், வண்டி சூடா கீது. சூட்டுல ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு இங்கயே வுட்டுட்டுப் போங்க. நாளைக்கு விடிஞ்சதும் குளுந்த இஞ்சின்ல இவரு பாக்கட்டும். உங்களுக்கு திங்கக்கிழமதான வண்டி வேணும்?"

டெனிசன் அவளைப் பார்த்தான். வண்டி விஷயத்தில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"அதுவும் சரிதான்" என்றாள் காவேரி.

தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டு இருவரையும் ஏற்றி அனுப்பினார்கள். ஆட்டோ திருப்பத்தில் மறைந்ததும் டெனிசன் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தான். ஷாலின் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"டெனி" என்றாள்.

அவன் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டெனி." கொஞ்சம் உரக்க.

வாசற்படியில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்த ஜோவிதா தலைநிமிர்ந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

"அம்மா, பின்னாடி நின்னு கூப்ட்டா அப்பாவுக்குத் தெரியாதும்மா. முன்னாடி வந்து நிக்கணும்."

ஷாலின் மெதுவாகத் திரும்பினாள். "உனக்கு எப்டிடி தெரியும்?"

"எனக்கு யூகேஜில இருந்தே தெரியும். அப்பாகிட்ட பேசுறதுன்னா தோள் மேல கை வச்சிட்டு, அப்பா திரும்புனதும் பேசணும்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லயே" என்று சொல்லிவிட்டு ஜோவிதா பச்சைக் கிரேயானை எடுத்தாள்.

ஷாலின் படியிலேயே, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடம். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அவன் வரமாட்டான். போன் செய்தால் "டவர் இல்ல, மெசேஜ் போடு" என்று வைத்துவிடுவான். கம்பெனியில் நடந்ததை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுவாள், அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கம்பெனியை விட்டு வந்ததிலிருந்து மனுஷன் மாறிவிட்டான், அவனுக்குத் தன் பேச்சு சலித்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். போன வருடம் ஒருநாள், விளக்கை அணைத்தபின், இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டாள். கேட்பதற்கே அவளுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் பதிலே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டெனிசன் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினான். அம்மாவும் மகளும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றான். ஷாலின் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள்:

"எவ்ளோ நாளா காது கேக்கல உனக்கு?"

அவன் மறுக்கப் பார்த்தான். "கேக்குது ஷாலு" என்றான். "லாரி ஹாரன் கேக்குது. ஆம்பளைங்க பேசினா கேக்குது. சின்னச் சின்னதுதான்... நீ பேசுறது, பாப்பா பேசுறது. சத்தம் வரும், வார்த்த வராது."

உள்ளே போய் உட்கார்ந்து, கேட்கக் கேட்கச் சொன்னான். பிரஸ் ஷாப்பில் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டால் மேலே கிரேன் வருகிற சைரன் சரியாகக் கேட்காது என்று அவன் பாதி நேரம் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் உண்டு. ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கேட்கவில்லை என்று தெரிந்தால் லைனிலிருந்து மாற்றிவிடுவார்கள், அப்புறம் ஓவர்டைமும் கிடைக்காது, கான்ட்ராக்டும் நீளாது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"டெஸ்ட் எடுக்குறவரு ஒவ்வொரு தபா சுவிட்ச அமுக்கும்போதும் அவரு தோளு லேசா அசையும். நான் அத பாத்துக்கினே பட்டன அமுக்குவேன். கடைசி நாலு வருஷமும் பாஸு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். ஷாலின் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"மெக்கானிக்குக்குக் காது கேக்காதுன்னா எவன் ஷாலு வண்டி வுடுவான்? உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவ. மறுபடியும் கம்பெனிக்குப் போ, வேற வேல பாருன்னுவ. அப்டியே நாள தள்ளிட்டேன்."

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?" அவள் அவன் பார்வைக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். "என்ன உனக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சிக்கினு கீறேன். ரெண்டு வருஷமா. இன்னொரு கொழந்த வேணுமான்னு கேட்டேன், நீ பாட்டுக்கு சும்மா படுத்துக்கினு இருந்த."

டெனிசன் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தான். "எப்ப கேட்ட?"

"போன வருஷம். லைட் நிறுத்தினப்புறம்."

"இருட்டுல உன் வாயி தெரியாதே ஷாலு!" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தான். "இப்ப கேளு."

"இப்ப மாட்டேன், போ. பாப்பா பாத்துக்கினு கீறா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மதியம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் தெருமுனை வரை கூடவே வந்தான். வழியெல்லாம் அவள் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததில் இரண்டு முறை தடுக்கினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே டெனிசன் எழுந்துவிட்டான். படுத்தபடியே அவன் யோசித்து வைத்திருந்த காரியம் ஒன்று இருந்தது. சண்முகசுந்தரம் சொன்ன, காலையில் மட்டும் வரும் அந்தச் சத்தம் புகை கசிகிற சத்தமாகத்தான் இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் சென்சாருக்கும் நடுவில் எங்கோ ஓர் இடைவெளி. அது வழியாகப் புகை வெளியே வருவது மட்டுமல்ல, வெளிக்காற்றும் உள்ளே போகும். அந்தக் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது. பார்த்ததை அப்படியே சொல்கிறது. வண்டி சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும், கோடு சரியாகிவிடும். அதனால்தான் போன வாரம் ஒரகடம் போய் வந்தபோது எல்லாம் நன்றாக இருந்தது. இந்த எட்டு நாளில் இடைவெளி இன்னும் பெரிதாகி, நேற்று வண்டி சூடாக இருந்தும் முழுதாக மூடவில்லை. சென்சாரை மாற்றியதால் ஒன்றும் சரியாகவில்லை.

காது நன்றாக உள்ள எவனும் இதை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான் என்று நினைத்தபோது அவனுக்கு வலித்தது. ஆனால் கசிவைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று இல்லையே.

வண்டி கழுவுகிற இடத்தில் இருந்த வாக்குவம் கிளீனரை எடுத்தான். அது காற்றை ஊதுகிற பக்கத்தில் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் காரின் சைலன்சருக்குள் விட்டு, சுற்றிலும் துணியை வைத்து அடைத்தான். பானெட்டைத் திறந்து, எஞ்சினோடு புகைக்குழாய் சேருகிற இடத்தை மூடியிருந்த தகட்டைக் கழற்றினான். ஜோவிதா ஒரு ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தாள். ஷாலின் சுவிட்சைப் போட்டாள். இப்போது சைலன்சர் வழியாக எஞ்சின் வரைக்கும் காற்று நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது.

டெனிசன் இணைப்புகள்மேல் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினான். முதல் இணைப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசி இணைப்புக்குக் கீழே, டார்ச் வெளிச்சத்தில், சின்னதாக ஒரு நுரை கிளம்பியது. பிறகு அது கொத்தாகப் பெருகி, வழிந்து, மறுபடியும் பெருகியது.

"அப்பா, சோப்பு முட்டை!" என்று ஜோவிதா கத்தினாள். அவனுக்கு அது கேட்கவில்லை. அவன் கண் நுரையில் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் வந்த சிரிப்பை ஷாலின் பார்த்தாள். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு போல்ட் உடைந்து தலை மட்டும் போயிருந்தது. அதைச் சுற்றிக் கரி படிந்த கறுப்புத் தடம். படப்பையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்திருக்கும் கடைக்குப் போய்ப் இணைப்புக்கு நடுவில் வைக்கும் புது கேஸ்கெட்டும் போல்ட்டும் வாங்கி வந்தான். உடைந்த துண்டைக் குடைந்து எடுப்பதற்குள் மதியமாகிவிட்டது. எல்லாம் மாட்டி முடித்தபின் ஒரு காரியம் செய்தான். போன வாரம் கழற்றி டப்பாவில் போட்டிருந்த பழைய சென்சாரை எடுத்துத் துடைத்து மறுபடியும் வண்டியிலேயே மாட்டினான். எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரைப் பார்த்தான். கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. எந்தக் குறையும் இல்லாத சென்சாரை அவன் தூக்கி எறிய இருந்தான்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்கு அவனே போனான். ஷாலினும் ஜோவிதாவும் கூடவே வந்தார்கள். டீச்சர் வீட்டுக் கேட்டருகே வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"டீச்சர், சென்சார் மேல ஒரு தப்பும் இல்ல. அது உண்மையத்தான் சொல்லிச்சு. நான்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன். பழசையே போட்டுட்டேன், புதுச கடையில திருப்பிக் குடுத்துடுறேன். புகை லீக்காயிருக்கு. சாரு சொன்ன சத்தம் அதான்." ஷாலின் பக்கம் பார்த்தான். "நேத்து சத்தமே இல்லன்னு சொன்னேன்ல. பொய் சொல்லல. எனக்குக் கேக்கல. காது கொஞ்ச நாளா சரியில்ல டீச்சர்."

காவேரி பதில் சொல்வதற்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரம் கையைத் தூக்கி அவனைப் பக்கத்தில் வரச்சொன்னார். தன் எதிரிலேயே உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எனக்கு கிட்னி போனத நானும் ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல தம்பி. கால் வீங்குது, ஷூ சின்னதாயிடுச்சுன்னு சொல்லி புது ஷூ வாங்கினேன். இவதான் கண்டுபுடிச்சா. அந்த ஒரு வருஷத்த நான் சும்மா தொலைச்சிட்டேன்." பிறகு கேட்டார்: "டாக்டரப் பாத்தியா?"

டெனிசன் தலையாட்டினான், இல்லையென்று.

"நாங்க போற ஆஸ்பத்திரிலயே காதுக்குத் தனியா கீது" என்றாள் காவேரி. "நாளைக்கு எங்ககூட வாங்க. இவர உள்ள படுக்க வச்சா நாலு மணி நேரம். நான் அரை நாள் லீவு போட்டுட்டு சும்மா பேப்பர் திருத்திக்கினு உக்காந்திருப்பேன். வண்டி எப்டி ஓடுதுன்னு நீயும் கூடவே வந்து பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை அப்படியே போனார்கள். காவேரிதான் ஓட்டினாள். ஜோவிதாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஷாலின் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, தண்டலம் போகும்வரை டெனிசன் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி வந்தான். மஞ்சள் விளக்கு எரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரம் ஒருமுறை அவன் பக்கம் திரும்பி, ஒரு கையை விரித்துச் 'சத்தம் இல்லை' என்று காட்டினார்.

காது டெஸ்ட் எடுக்கிற அறை சின்னக் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருந்தது. டெனிசனை உள்ளே உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பெண். அவள் கையும் தோளும் அவனுக்கு நன்றாகத் தெரிகிற இடம். ஷாலின் அவளுக்குப் பின்னால் நின்றாள். டெனிசன் அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்ததை ஷாலின் கவனித்தாள். பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் ஒவ்வொரு சத்தத்துக்கும் மிஷினின் குமிழைத் திருப்பினாள். ஆரம்பத்தில் அவன் கட்டைவிரல் சட்டென்று அழுந்தியது. பிறகு தயங்கித் தயங்கி. அதற்கப்புறம் அந்தப் பெண் திருப்பிக்கொண்டே இருந்தாள், கட்டைவிரல் அசையவில்லை. ஏதாவது வரும் வரும் என்று முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தான். ஷாலினுக்குக் கண்ணாடியைத் தட்டி 'இப்போ, இப்போ' என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் இரண்டு காதிலும் நிறையப் போயிருக்கின்றன என்று டாக்டரம்மா சொன்னார். பெரிய இரைச்சலில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு வருவதுதான். போனது திரும்பி வராது. ஆனால் காது மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகப் புரியும். இனிமேல் கிரைண்டர் பிடித்தாலும் சுத்தியல் எடுத்தாலும் காதை மூடாமல் வேலை செய்யக் கூடாது. டெனிசன் எல்லாவற்றையும் அவர் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபின், "நான் மட்டும் கம்பெனில குடுத்த பஞ்ச ஒழுங்கா காதுல வச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

ஷாலின் அவன் தோளில் கை வைத்து, அவன் திரும்பும்வரை காத்திருந்தாள். திரும்பியதும் சொன்னாள்: "வுடு. இட்லி சாப்ட்டு வரலாம் வா. பசிக்குது."

அடுத்தடுத்த வாரங்களில் பட்டறைக்கு வந்தவர்களிடம் அவன் முதலிலேயே சொல்லிவிட்டான்: "வண்டில சத்தம் எதுனா வந்தா எப்டி வருதுன்னு நீங்க சொல்லுங்க சார். எனக்குச் சின்ன சத்தம் கேக்காது. ஆனா எங்கருந்து வருதுன்னு கண்டுபுடிச்சிடுவேன்." இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வாயால் 'கிர்ர்' என்றும் 'டக டக' என்றும் செய்து காட்டிவிட்டு வண்டியை விட்டுப்போனார்கள். அவர்கள் செய்து காட்டுவதைப் பார்க்க ஜோவிதா பள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

காது மிஷின் வந்தது ஆறு வாரம் கழித்து. காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு அளவில் இரண்டு. மாட்டிக்கொண்டு முதல் நாள் வீட்டுக்கு வந்தவன், பிரிட்ஜ் முன்னால் போய் நின்று, "இது எப்பத்துல இருந்து இப்டி உறுமுது?" என்று கேட்டான்.

"வாங்கின நாள்ல இருந்து" என்றாள் ஷாலின்.

பிளாஸ்டிக் பை கசங்குகிற சத்தம் அவனுக்குப் பொறுக்கவில்லை. சாலையில் போகிற லாரி ஒவ்வொன்றும் வீட்டுக்குள்ளேயே வருகிற மாதிரி இருந்தது. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டான். சாயங்காலம் ஜோவிதா பாடம் படிக்க உட்கார்ந்தாள். அவள் பாட்டுக்குப் படித்தாள். நடுவில் யாரிடமோ பேசினாள், பென்சிலைத் திட்டினாள், மறுபடி படித்தாள். 'ழ' வரும் இடமெல்லாம் அவளுக்கு 'ய' வந்தது. மயை, பயம், வாயைப்பயம். டெனிசன் சுவரில் சாய்ந்துகொண்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவளுக்கு ழ வராதா?" என்று ஷாலினிடம் கேட்டான். தன் குரலைக் கேட்டவுடனேயே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "நான் இவ்ளோ சத்தமாவா பேசுறேன்?"

"ஆமா. பக்கத்து வூட்டுல நாம தெனைக்கும் சண்ட போடுறோம்னு நெனச்சிக்கினு கீறாங்க."

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் ரகசியம் மாதிரி இருந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ சொன்னான்.

"இன்னா? கேக்கல" என்றாள் ஷாலின்.

மறுபடியும் சொன்னான். முன்னைவிடக் கொஞ்சம்தான் சத்தம்.

"கேக்கலப்பா!"

அவன் சத்தத்தைக் கூட்டவில்லை. ஷாலின் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவனை ஒட்டி உட்கார்ந்து, "ம், இப்ப சொல்லு" என்றாள்.